குப்பை என்று பேர் வைத்த ஃபோல்டர்

அன்று காலை, தெருவே மைக் என்று கூப்பிடும் மனுஷரின் குரல் இரண்டாவது முறையாகப் போகப் பார்த்தது. முதல் முறை போனது ஆஸ்பத்திரியில். டாக்டர் சொல்லி, நாள் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. இரண்டாவது முறை சாப்பாட்டு மேஜையில், சொல்லாமல் கொள்ளாமல். டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொல்வதற்காக அவர் லேப்டாப் திரையில் ஒரு பொத்தானைத் தொட்டார். குரல் வரவில்லை. உள்ளே எங்கேயோ ‘டிக்’ என்று ஒரு சத்தம். இன்னொரு தரம் தொட்டார். இன்னொரு டிக். திரை அப்படியே உறைந்து நின்றது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி, “தள்ளுங்க, நான் பாக்கறேன்” என்று வந்தாள். அணைத்துப் போட்டாள். போட்டு அணைத்தாள். அப்புறம் மூடியைத் தூக்கி, விலாவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். மைக் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம், வேண்டாம் என்றார். வாயிருந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருப்பார்.

“எதுக்குப் பதறுறீங்க? எல்லாம் பென் டிரைவ்ல பத்திரமா இருக்கு. இது போனா இன்னொண்ணு” என்று அவள் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். டிக், டிக், டிக்.

அவள் அப்படிச் சொன்னால் யாரும் நம்புவார்கள். தெருவில் அவளுக்குப் பேரே லேபிளக்கா. உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று எழுதி ஒட்டியிருப்பாள். அது பெரிய விஷயமில்லை. பக்கத்திலிருக்கும் காலி டப்பாவில் ‘காலி’ என்று எழுதி ஒட்டியிருப்பாள். அங்கேதான் அவள் யாரென்று தெரியும். மூக்குக்கண்ணாடி லென்ஸ் தயாரிக்கிற பட்டறையில் ஸ்டோர் ரூம் அவள் பொறுப்பு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் கண்ணாடி வில்லைகளில் எது எந்தக் கண்ணுக்கு என்று மாறாமல் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒன்று மாறினால் ஒருவர் படியில் தடுக்கி விழுவார் என்பாள். அந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்காமல் வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. ‘லேபிள்’ என்று முதலில் பேர் வைத்தவர் புருஷன்தான். தெரு அதோடு ஒரு அக்காவை ஒட்டிக்கொண்டது.

புருஷனுக்குத் தெரு வைத்த பேர் மைக். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையில், எது தாமதம், யாருடைய குழந்தை காணாமல் போய் அறிவிப்பு அறையில் அழுதுகொண்டிருக்கிறது, எல்லாம் அவர் குரலில்தான் ஊருக்குத் தெரியும். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று அவர் ஆரம்பித்தால் தூங்குகிறவன்கூடப் பையைத் தடவிப் பார்ப்பான். வீட்டில் அதே ஆள் முனகல் மன்னன். பாதி வார்த்தை வெளியே வரும், மீதி தொண்டைக்குள்ளேயே இருக்கும். ‘இங்க பாரு’ என்று ஆரம்பிக்காமல் ஒரு பேச்சும் கிடையாது. பேனாவைக் காணோம் என்றாலும் இங்க பாரு, மழை வருகிறது என்றாலும் இங்க பாரு. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இத்தனை வருஷமாக இங்க பாருதான் அவள் பேர்.

தொண்டையில் கட்டி என்றும், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு யோசனை சொன்னார். “ஆபரேஷனுக்கு முன்னாடி உங்களுக்குத் தேவைப்படுற வாக்கியத்தை எல்லாம் உங்க குரல்லயே பதிவு பண்ணி வெச்சுக்குங்க. அப்புறம் பொத்தானைத் தொட்டா அது பேசும்.” போனில் தட்டினால் பேசுகிற குரல் ஏற்கெனவே உண்டு. ஆனால் அது ஒரு சின்னப் பெண்ணின் குரல். அதைக் கேட்டுவிட்டு மைக், “எனக்கு மீசை இருக்கு, அதுக்குச் சொல்லு” என்றார். அப்போது சொல்ல முடிந்தது.

அதனால் பதிவு பண்ணினார்கள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப், அதில் சொருகிய ஒரு நிஜ மைக், எதிரே காதில் ஹெட்போனோடு லேபிளக்கா. இருமல் வந்தால் ரத்து. தெருவில் ஸ்கூட்டர் போனால் ரத்து. நடுவில் முனகினால், சிரித்தால், ‘இங்க பாரு’ என்று வாய் தவறினால் ரத்து. சுத்தமாக வந்ததெல்லாம் ‘நல்லது’ என்ற ஃபோல்டரில் போகும். மற்றதெல்லாம் ‘குப்பை’யில். நல்லதுக்குள்ளே ‘ஆஸ்பத்திரி’, ‘வீடு’, ‘மகள்’, ‘கடை’, ‘பஸ்’ என்று பிரித்துப் பிரித்துப் பேர் வைத்தாள். எல்லாம் முடிந்ததும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, போட்டுப் பார்த்து, சரியாகப் பேசுகிறது என்று உறுதி பண்ணிக்கொண்டு, ‘குரல் - பத்திரம்’ என்று ஒட்டி டப்பாவில் வைத்தாள். வேறு யாராக இருந்தாலும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் பார்த்தாள்.

ஆகவே ரிப்பேர் கடைக்கு அவள் பயமில்லாமல்தான் போனாள். ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் பென் டிரைவ் டப்பா. மைக் பின்னாலேயே கழுத்தில் மூச்சுத் துளையை மறைக்கிற துணியும் கையில் சிலேட்டுமாக வந்தார். லேப்டாப் இல்லாத நேரத்தில் அந்தச் சிலேட்டுதான் அவர் வாய்.

கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே நீள மேஜை, அதன் மேல் வயிறு திறந்து கிடக்கும் கணினிகள், தலைக்கு மேலே ஒரு குழல்விளக்கு. ரிப்பேர் பார்க்கிற பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வாயில் ஒரு ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டே பேசுவாள். பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வக்கீல் குமாஸ்தா காத்திருந்தார்.

“அக்கா, எத்தனை தடவை ஆன் பண்ணிப் பாத்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே அவள் லேப்டாப்பைக் காதில் வைத்துக் கேட்டாள்.

“அது இருக்கும் பல தடவை. ரெண்டு தட்டும் தட்டினேன்.”

அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்தினாள். “தட்டினீங்களா?”

“அதனால என்னம்மா? எல்லாத்துக்கும் பிரதி இருக்கு. இதை வேற மெஷின்ல ஏத்திக் குடு, போதும்” என்று லேபிளக்கா டப்பாவைத் திறந்து பென் டிரைவை நீட்டினாள்.

அந்தப் பெண் அதைத் தன் கணினியில் சொருகினாள். இரண்டு மஞ்சள் படங்கள் வந்தன. ‘நல்லது’, ‘குப்பை’. ஒன்றைத் திறந்தாள். திறக்கவில்லை. மற்றதைத் திறந்தாள். அதுவும் இல்லை. குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, விரல் நுனியால் திரையைத் தொட்டாள்.

“அக்கா, இந்த மூலைல ஒரு குட்டி அம்பு தெரியுதா? இது ஃபோல்டர் இல்ல. ஷார்ட்கட். வழி காட்டுற பலகை மாதிரின்னு வெச்சுக்குங்க. சரக்கு இதுல இல்ல.”

“நான் போட்டுப் பாத்தேனே! பேசுச்சே!”

“எந்த மெஷின்ல போட்டுப் பாத்தீங்க?”

லேபிளக்கா தன் லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள். அதே லேப்டாப்பில்தான் போட்டுப் பார்த்தாள். பலகை காட்டிய வழியிலேயே போய், லேப்டாப்புக்குள் இருந்ததையே திறந்து பேசியிருக்கிறது. அவள் பத்திரம் என்று ஒட்டி வைத்தது ஒரு காலி டப்பா. காலி டப்பாவுக்கும் லேபிள் ஒட்டுகிற அவளுக்கு இது தெரியாமல் போயிற்று. தன் உள்ளங்கையைப் பார்த்தாள். காலையில் அந்த விலாவில் தட்டிய கை அதுதான். இவளே புருஷனைத் தட்டிக் கொன்ற மாதிரி இருந்தது.

மைக் அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ரிப்பேர்க்காரப் பெண் வேகமாகிவிட்டாள். லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றி, ஹார்ட் டிஸ்கை வெளியே எடுத்தாள். உள்ளங்கை அளவுதான் இருந்தது. அதை ஒரு கம்பியில் மாட்டுவதற்கு முன்னால் நிமிர்ந்து கேட்டாள்.

“ரெண்டு பேரும் கேளுங்க. உள்ள படிக்கிற முனை தேஞ்சு போயிருக்கு. இதுக்குன்னே இருக்கற பெரிய லேப் வேற ஊர்ல இருக்கு, அனுப்பலாம். அவங்களும் வரும்னு உறுதி சொல்ல மாட்டாங்க, வாரக்கணக்குல ஆகும். போற வழில ஒரு குலுக்கல் போதும், முனை உள்ள சுத்தற தட்டுல ஒட்டிக்கும். இங்கயே பாக்கறதுன்னா இப்பவே பாக்கலாம். ஆனா ஓட ஆரம்பிச்சு நின்னா திரும்ப ஓடும்னு நான் சொல்ல மாட்டேன். பின்னாடி என்னைக் கேக்கக்கூடாது.”

லேபிளக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மேஜையைக் காட்டினார். இங்கேயே.

அந்தப் பெண் ஒரு சின்ன ஃபேனை எடுத்து டிஸ்கின் முகத்துக்கு நேரே வைத்தாள். மேஜையை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு இணைத்தாள். மெதுவாக ஒரு ரீங்காரம் ஏறியது. ஒரு டிக். ரீங்காரம் நிலைத்தது. திரையில் இரண்டு பேர்கள் வந்தன. இந்தத் தடவை அம்பு இல்லாமல்.

“வந்துடுச்சு. ஆனா ரொம்ப நேரம் தாங்காது. எது முதல்ல?”

“நல்லது” என்றாள் லேபிளக்கா, கேள்வி முடிவதற்கு முன்பே.

டக் டக் என்று சத்தம் கேட்டது. டிஸ்க் இல்லை. மைக் சாக்பீஸால் சிலேட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அதில் ‘குப்பை’ என்று எழுதியிருந்தது.

“என்ன விளையாடுறீங்களா? அதுல என்ன இருக்கு? உங்க இருமலும் தும்மலும் இருக்கு.”

அவர் அழித்துவிட்டு எழுதினார். ‘நல்லதில் நான் இல்லை.’

“நீங்க இல்லாம வேற எவன் பேசினான்? நான்தானே எதிர்ல உக்காந்திருந்தேன்?”

‘பஸ் ஸ்டாண்டு பேசுது’ என்று எழுதிக் காட்டினார்.

அவளுக்குப் புரியாமல் இல்லை. நிஜ மைக்கை எதிரில் வைத்தவுடனேயே அவர் முதுகு நிமிர்ந்துவிடும். வேலைப் பழக்கம் அப்படி. “தண்ணீர் வேண்டும்” என்று சொன்னால் அது தண்ணீர் லாரி வருவதை அறிவித்த மாதிரிதான் இருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து அவர் முதல் பொத்தானைத் தொட்டபோது, “எந்தப் பிளாட்பாரத்துக்கு?” என்று அவள் கேட்டாள், அவர் சத்தமில்லாமல் சிரித்தார். வெளியூரில் இருக்கிற மகள் போனில் கேட்டுவிட்டு, “அப்பா, பஸ்ஸை விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு” என்றாள். அன்று சிரிப்பாக இருந்ததை இப்போது இந்த மனுஷன் சண்டைக்கு எடுத்துக்கொண்டு நிற்கிறாரே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

“ராத்திரி மூச்சு அடைச்சா குப்பையா வந்து என்னை எழுப்பும்? முதல்ல ஆஸ்பத்திரி. நீ எடும்மா.”

அவர் சிலேட்டை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் ‘ஆஸ்பத்திரி’யை இழுத்து விட்டாள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. கொஞ்சம் நகரும், நிற்கும். நிற்கும்போது டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று வரும். பிறகு யாரோ தள்ளிவிட்ட மாதிரி கோடு ஓடும். வெளியே கனமான வண்டி ஒன்று போனது. மேஜை லேசாக அதிர்ந்தது. லேபிளக்கா வண்டி போன திசையைப் பார்த்த பார்வையில் அதன் டயர் வெடித்திருக்க வேண்டும். குமாஸ்தாகூடப் பிரிண்டரை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

கோடு முழுவதும் நிறைந்தது. “ஒண்ணு போட்டுப் பாக்கறேன். இப்ப என் மெஷின்ல இருக்கறதை” என்று சொல்லி அந்தப் பெண் ஒன்றைத் தொட்டாள்.

“மூச்சு விடுவதில் சிரமம் உள்ளது. உடனடியாக வரவும்” என்று கடை முழுக்க மைக்கின் குரல் எழுந்தது. கணீரென்று, ஒரு பிசிறில்லாமல். குமாஸ்தா பிரிண்டரோடு பாதி எழுந்துவிட்டார். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரிப்பேர்க்காரப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்தது.

லேபிளக்காவுக்கு வரவில்லை. அந்தக் குரல் ஓய்ந்ததும் அவள் மனதுக்குள் இன்னொன்றைக் கேட்க முயன்றாள். வேறொன்றுமில்லை, அவர் ‘இங்க பாரு’ என்று சொல்வது எப்படி இருக்கும் என்று. தினமும் எத்தனையோ தடவை கேட்டது. ‘இங்க’வை இழுப்பாரா, ‘பாரு’வை இழுப்பாரா? கூப்பிடுகிற மாதிரி இருக்குமா, முனகுகிற மாதிரி இருக்குமா? வார்த்தை ஞாபகம் இருந்தது. குரல் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். இப்போது கேட்ட அறிவிப்புக் குரல்தான் நடுவில் வந்து நின்று “இங்கே பார்க்கவும்” என்றது.

அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. நல்லது என்று பிரித்த எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கடைக்காரரிடம் சொல்ல, டாக்டரிடம் சொல்ல, மகளிடம் சொல்ல, பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்ல எல்லாம் இருந்தது. அவளைக் கூப்பிட ஒன்றுமே இல்லை. எதிரிலேயே அவள் உட்கார்ந்திருந்தபோது அவளை எதற்குக் கூப்பிட வேண்டும்? வாய் தவறி வந்த ஒவ்வொரு இங்க பாருவையும் ரத்து, ரத்து என்று அவளே கையால் தள்ளி விட்டிருக்கிறாள்.

“அடுத்தது வீடா, மகளா, அக்கா? சீக்கிரம்.” டிஸ்க் இப்போது அடிக்கடி டிக் டிக் என்றது.

“குப்பை” என்றாள் லேபிளக்கா.

அந்தப் பெண்ணின் கை நின்றது. “அக்கா, அது பெருசு. எடுக்கறதுக்குள்ள டிஸ்க் போச்சுன்னா மத்ததெல்லாம் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சாச்சு.”

இப்போது பதறியது மைக். சிலேட்டைத் திருப்பி அவசரமாக எழுதினார். ‘மகள்?’ பிறந்தநாள் வாழ்த்து, சாப்பிட்டாயா, எப்போது வருவாய் என்று மகளுக்காகவே உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பதிவு பண்ணியிருந்தார்.

“அவளுக்கு எதுக்குங்க பஸ் ஸ்டாண்டு? அவளுக்கு அவ அப்பா போதும்” என்றாள். குரல் உடைந்தது. அதை மறைக்க அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தாள். “சொன்னா கேக்கணும். எடு!”

குப்பையைத் திறந்தபோது இன்னொரு அடி விழுந்தது. உள்ளே வரிசை வரிசையாக வெறும் எண்கள். மெஷின் தானாகப் போட்டது. அவள் வாழ்க்கையில் லேபிள் ஒட்டாமல் விட்ட ஒரே இடம் அதுதான். குப்பைக்கு யார் பேர் வைப்பார்கள்?

“எது வேணும்னு தெரிஞ்சா அதை மட்டும் எடுத்துடுவேன். பேரே இல்லையேக்கா?”

“தெரியலம்மா” என்றாள் லேபிளக்கா. அந்த வார்த்தையை அவள் பட்டறையில் ஒருநாளும் சொன்னதில்லை.

மேலிருந்து வரிசையாக எடுக்க ஆரம்பித்தார்கள். பச்சைக் கோடு எறும்பை விட மெதுவாக ஊர்ந்தது. நின்றது. டிக், டிக், டிக். ஊர்ந்தது. அந்தப் பெண் ஏலக்காயை எப்போது விழுங்கினாளோ, இரண்டு கையையும் மேஜைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். மைக்கின் கழுத்துத் துணிக்குக் கீழே மூச்சு இஸ், இஸ் என்று வந்துபோவது கேட்டது. லேபிளக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கடையில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

பிறகு டிக் என்ற சத்தம் மாறியது. கரகரவென்று மணலை அரைக்கிற மாதிரி ஒரு ஓசை. ரீங்காரம் இறங்கி, இறங்கி, நின்றுவிட்டது. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் இணைப்பைக் கழற்றினாள். சற்றுப் பொறுத்து ஒரே ஒரு முறை மறுபடியும் மாட்டினாள். டிஸ்க் அசையவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஃபேனை அணைத்தாள்.

“ஆஸ்பத்திரி முழுசா இருக்கு. குப்பைல கொஞ்சம் வந்திருக்கு. அதுலயும் எது முழுசு, எது பாதின்னு ஒண்ணொண்ணா கேட்டாத்தான் தெரியும். வீடு, மகள், கடை, பஸ், நாலும் போச்சு.”

“ஏதாவது ஒண்ணு போடேன்” என்றாள் லேபிளக்கா.

அந்தப் பெண் ஒன்றைத் தொட்டாள். ஒரு இருமல். தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு வெறும் இரைச்சல். அடுத்ததில் தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போனது, அவ்வளவுதான். மூன்றாவது திறக்கவேயில்லை. “போதும்மா” என்று லேபிளக்கா கையைக் காட்டினாள். மேலே கேட்கத் துணிச்சல் இல்லை. வீட்டை விற்று வெறும் வாசற்கதவை வாங்கிவிட்டோமோ என்று இருந்தது.

அந்தப் பெண் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டாள். அதை இன்னொரு கணினியில் சொருகித் திறந்து காட்டினாள். “பாத்துக்குங்க அக்கா, வேற மெஷின்ல. அம்பு இல்ல.” தன் மெஷினிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்றாள். புது லேப்டாப் வாங்கும் வரைக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லி, கடையில் கிடந்த பழசு ஒன்றைத் துடைத்துக் கொடுத்தாள். குமாஸ்தா கிளம்புகிறவர்களுக்கு எழுந்து வழிவிட்டு, “நல்லபடியா போய்ட்டு வாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மைக் இரவல் லேப்டாப்பை மேஜையில் வைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். காலையில் போட்டது போட்டபடி கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். தண்ணீர்ச் சத்தம் வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, இருமல், ஸ்கூட்டர், இரைச்சல் என்று கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் எழுந்து வந்து சிலேட்டைக் காட்டுவார். இல்லை என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்கிற நேரத்தில் கையில் ஏதாவது வேலை இருக்கட்டும் என்று நினைத்தாள்.

மகளுக்கு என்ன சொல்வது? உனக்காகப் பேசி வைத்ததை உன் அம்மாதான் வேண்டாமென்று விட்டாள் என்றா? எதற்காக விட்டாள்? ஒரு ‘இங்க பாரு’வுக்காக. அதுவும் கிடைக்கவில்லை. டீ வடிகட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கம்பி வளைந்துவிட்டது. இன்று காலை டீயில் சர்க்கரை போதாமல் இருந்தது ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு பொத்தான் இருந்ததே, ‘சர்க்கரை போதவில்லை’ என்று, அதுவும் வீடு ஃபோல்டரோடு போயிற்று. இனி அவர் முகத்தைப் பார்த்தே சர்க்கரை போட வேண்டும். டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டத் தெரிந்தது, ஒரு பிரதி எடுக்கத் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, வளைந்த கம்பியை நிமிர்த்தக் கத்தி முனையைத் தேடினாள்.

“இங்க பாரு...”

“கை ஈரமா இருக்கு! என்னன்னு அங்கேருந்தே சொல்லுங்களேன். எப்பப் பாத்தாலும் இங்க பாரு, இங்க பாருன்னு, ஒரு வேலை செய்ய விட மாட்டீங்க...”

கத்திய வாய் அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடினாள்.

கூடத்தில் மைக் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை, இரண்டும்தான். அவளைப் பார்த்ததும் பொத்தானை மறுபடி தொட்டார். பின்னால் எங்கோ குக்கர் விசில், நாற்காலி நகரும் சத்தம், அதற்கு மேலே பாதி வார்த்தையைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்ட அந்த முனகல்: “இங்க பாரு... இது எத்தனாவது தடவை... போதும், அதை அணை...” கூடவே அவளுடைய சொந்தக் குரலும் கேட்டது: “ரத்து. திரும்பச் சொல்லுங்க.”

இழுப்பது ‘பாரு’வைத்தான். ‘இங்க’வை அல்ல. இதையா மறந்தோம் என்று இருந்தது. அழுகை வந்தது, வந்ததை அவள் தடுக்கவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் எதிரே, பதிவு பண்ணும்போது உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் மறுபடியும் தொட்டார். “இங்க பாரு...”

“என்னங்க?”

அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. தோளைக் குலுக்கினார். சிலேட்டைக்கூட எடுக்கவில்லை. சும்மா கூப்பிட்டார், அவ்வளவுதான். கூப்பிட முடிகிறதே என்று கூப்பிட்டார். திரும்பவும் தொட்டார்.

“பாத்துட்டுதான் இருக்கேன்” என்றாள் அவள். “சொல்லுங்க.”